சுண்ணாம்புத் தெளிவு

தாளடி அறுத்து, உளுந்தையும் அடித்து மூட்டை கட்டிவிட்டால் ஜூன் வரைக்கும் எங்களுக்கு வேலை குறைவு. மேட்டூர் திறக்கிற சேதி வருகிற வரை திண்ணையும் டீக்கடையும்தான். போன வருஷம் அந்த இடைவெளியில் நான் ஊரில் இல்லை, சிங்கப்பூரில் இருந்தேன். மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். என் வீட்டுக்காரி ஒரு மாசம் முன்னாடியே போய்விட்டாள். கோடை உழவுக்கு டிராக்டர்காரரிடம் சொல்லி, மாட்டை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு நான் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தேன்.

புங்கோல் என்கிற இடத்தில் பதினோராவது மாடி. கீழே மண் தெரியாது. முதல் வாரம் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவது, திரும்ப இறக்குவது, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி எதிரில் உட்கார்ந்திருப்பேன். மூணடி நீளம், ஒன்றரை அடி உயரம், 200 லிட்டர் உப்புத் தண்ணி. உள்ளே இரண்டு கோமாளி மீன், சில நத்தை, ஒரு இறால். மற்றதெல்லாம் பவளம்.

பவளம் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல். இன்னொன்று தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்துச் சுவரில் இருக்கிற ஓட்டை ஓட்டையான வெள்ளைக் கல். 1964 புயலில் போன ஊர், நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லுக்கு உயிர் இருந்தது என்பதை என் மகன் வீட்டுத் தொட்டியில்தான் கண்ணால் பார்த்தேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கைவிளக்கு அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மயிரிழை மாதிரி விரலை நீட்டிக்கொண்டு இரை தேடும். ஒரு கல்லுக்குள் ஆயிரம் பிள்ளைக்குட்டி.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்து படிக்கிற தம்பிகள் யாரும் ஆசைப்பட்டு இறங்கிவிட வேண்டாம். நம் நாட்டில் கடினப் பவளங்கள் எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. யானையும் புலியும் இருக்கிற அதே அட்டவணை. ராமேஸ்வரம் கரையில் பொறுக்கிய செத்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் தப்புதான். சிங்கப்பூரில் பண்ணையில் வளர்த்து, முறையான சீட்டோடு விற்கிறார்கள். அங்கே அது நடக்கும்.

நான் போன சமயம் தொட்டிக்கு உடம்பு சரியில்லை. மூளை மாதிரி சுருள் சுருளாக இருக்கிற பவளம் ஓரத்தில் மெலிந்து, உள்ளிருக்கிற வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மகன் தினம் வேலை விட்டு வந்ததும் சின்னக் குப்பியில் தண்ணி மொண்டு, அதில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை எண்ணிக்கொண்டிருப்பான். ஒரு சாயங்காலம் கேட்டேன்.

"என்னப்பா பாக்குற?"

"கால்சியம் இறங்கிடுச்சுப்பா. பவளம் வளர வளரத் தண்ணியில இருக்கிற கால்சியத்தை உறிஞ்சிடும். கடல்னா வந்துகிட்டே இருக்கும். இது தொட்டி. நாமதான் போடணும்."

இது எனக்கு உடனே புரிந்தது. வயலில் விளைச்சல் எடுத்துக்கொண்டே இருந்து, எருப் போடாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான். கடல் தண்ணியில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கால்சியம் இருக்கும். தொட்டியில் அதை 400-லிருந்து 450-க்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் கால்சியம் மட்டும் போதாது. பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட், அதாவது நம் கிளிஞ்சல் ஓடு மாதிரிதான். அதனால் கார்பனேட் பங்கும் வேண்டும். அதைக் காரத்தன்மை என்று தனியாக அளக்கிறார்கள். கணக்குக்கு டி.கே.எச். என்று ஒரு அலகு. கடலில் அது சுமார் 7. தொட்டிக்காரர்கள் 7-லிருந்து 11 வரை வைத்துக்கொள்கிறார்கள்.

சீர்காழிக்குக் கிழக்கே இறால் குட்டை வைத்திருக்கிற என் சகலை வாயில் இந்தக் காரத்தன்மை என்கிற சொல்லைக் கேட்டிருக்கிறேன். இறால் ஓடு கழற்றிப் புது ஓடு கட்டுகிற நேரத்தில் தண்ணியில் சத்து இல்லை என்றால் ஓடு இறுகாது, மெத்து மெத்தென்று கிடந்து ஒன்றை ஒன்று தின்னும். அவர் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பும் டாலமைட்டும் அடிப்பார். இங்கே அதே விவகாரம் கிராம் கணக்கில் நடக்கிறது.

மூன்று நாள் எதுவும் போடாமல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். எங்கள் ஊரில் புது நிலம் வாங்கினால் முதலில் தண்ணி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போமே, அது மாதிரி. குடி எவ்வளவு என்று தெரியாமல் எதை எவ்வளவு ஊற்றுவது? அவன் சிரித்துக்கொண்டே, "அதைத்தான்பா நானும் செய்யப் போறேன்" என்றான். முதல் நாள் காரத்தன்மை 8.6, மறுநாள் 7.4, அதற்கு அடுத்த நாள் 6.3. கால்சியம் 410-லிருந்து 395-க்கு வந்தது. ஒரு டி.கே.எச். இறங்கினால் கால்சியம் 7 இறங்க வேண்டும் என்பது கணக்கு, ஏறக்குறைய ஒத்துவந்தது. இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது, கால்சியத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் சேதி பிந்தித்தான் வரும் என்பது. 400-ல் பதினைந்து குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. 8-ல் இரண்டு குறைந்தால் உடனே தெரியும்.

சரி, எதைப் போடுவது? அவன் முன்னால் மூன்று வழி இருந்தது. இரண்டு மாசமாக முடிவெடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஒன்று, கால்சியம் ரியாக்டர். ஒரு குழாய்க்குள் செத்த பவளத் துண்டைக் கொட்டி, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை விடுவார்கள். உள்ளே தண்ணி புளிப்பாகி, முட்டை ஓட்டைக் காடியில் போட்ட மாதிரி துண்டு கரையும். கரைந்த தண்ணி சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும். எல்லாச் சத்தும் சரியான விகிதத்தில் வந்துவிடும். ஆனால் சிலிண்டர், வால்வு, மீட்டர் என்று விலை எகிறும். தொட்டித் தண்ணியும் லேசாகப் புளிப்புப் பக்கம் இறங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருக்கிறவருக்கு அது சரி. அரை மா நிலத்துக்கு அறுவடை மெஷின் சொந்தமாக வாங்குகிற கதை நமக்கு வேண்டாம் என்றேன். இதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது, இரட்டைக் கரைசல். ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடா உப்பு. இரண்டையும் தனித்தனியாக, தொட்டியின் வேறு வேறு இடத்தில் விட வேண்டும். சேர்த்துக் கலந்தால் அங்கேயே சுண்ணாம்புக் கட்டியாக இறங்கிவிடும். சின்ன மோட்டார் வாங்கி மாட்டினால் மணிக்கு இத்தனை மில்லி என்று அதுவே விடும். எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், ஒன்றை மட்டும்கூடத் திருத்தலாம். ஒரே குறை, பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் நிற்பது சோடியமும் குளோரைடும், அதாவது சாப்பாட்டு உப்பு. அது நாளாக ஆகத் தொட்டியில் ஏறும். அப்பப்போ கொஞ்சம் தண்ணி இறைத்துப் புதுத் தண்ணி மாற்ற வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்ட கடைமடை வயலில் உப்புப் பூக்கிறதைப் பார்த்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது வழியின் பேரை அவன் 'கால்க்வாசர்' என்றான். பெரிய பேராக இருக்கிறதே என்று கேட்டால், ஜெர்மன் பாஷையில் கால்க் என்றால் சுண்ணாம்பு, வாசர் என்றால் தண்ணி. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் இதைப் பவளத் தொட்டிக்காரர்களிடம் பரப்பினாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சுண்ணாம்புத் தண்ணி! இதற்கு எட்டாயிரம் மைல் சுற்றியா பேர் வாங்கணும்?

எனக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள பழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் வந்திருந்தீர்கள் என்றால் ரோட்டோரம் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். அகத்தி நட்டு, அதில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருப்பார்கள். கும்பகோணம் வெற்றிலை என்று விற்பது அதுதான், 2025-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. எங்களுக்கும் ஒரு காலத்தில் கொடிக்கால் இருந்தது. ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டோம். கொடிக்கு வேரழுகல் வந்தால் ஒரு வாரத்தில் தோட்டமே மஞ்சளடித்துச் சாயும். அதற்கு மருந்து போர்டோக் கலவை. பிரான்சில் திராட்சைத் தோட்டத்துக்காக 1880-களில் கண்டுபிடித்தது, எங்கள் வெற்றிலைக்கும் அதுதான் கதி. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணி. துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளவென்று தீட்டிய அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்போம். நுனியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விடு. ஏறவில்லை என்றால் சரி. எங்கள் அளவுக் கருவி அரிவாள்தான்.

ஆகவே சுண்ணாம்பு பக்கம் நான் வக்காலத்து வாங்கினேன். சும்மா பாசத்தில் இல்லை, கணக்கோடுதான். தொட்டி மேல் மின்விசிறி ஓடுவதால் நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி ஆவியாகப் போகிறது. அதை எப்படியும் நல்ல தண்ணியாக ஊற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தண்ணியையே சுண்ணாம்புத் தெளிவாக ஊற்றினால் ஒரே வேலையாகப் போயிற்று. ஒரு லிட்டர் தண்ணி ஒன்றரை கிராம் சொச்சம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். தண்ணி சூடானால் இன்னும் குறைவாகத்தான் கரையும், சர்க்கரைக்கு நேர் எதிர். மூணு லிட்டர் முழுத்தெளிவை 200 லிட்டரில் விட்டால் காரத்தன்மை 1.7 ஏறும். நமக்கு வேண்டியது 1.2. அப்படியானால் இரண்டு லிட்டர் தெளிவு, ஒரு லிட்டர் வெறும் தண்ணி. கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கிற அதே விகிதத்தில் சேர்ந்தே ஏறும். ஒரு கிலோ மாவு வாங்கினால் வருஷத்துக்குக் கிட்டே வரும். உப்பும் மிஞ்சாது.

மகனுக்கு மனசு இரட்டைக் கரைசல் பக்கம் இருந்தது. "பவளம் வளர்ந்தா குடி கூடும்பா. ஆவியாகிற தண்ணிக்கு மேல சுண்ணாம்புத் தண்ணி ஊத்த முடியாதே" என்றான். நியாயம்தான். அது வளர்கிறபோது பார்த்துக்கலாம், இப்போது எலும்பு தெரிகிறதே அதைப் பார் என்றேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி, "மாமா சொல்றதை ஒரு மாசம் செஞ்சு பாருங்களேன், உங்க மோட்டாரு வந்து சேர்றதுக்குள்ள இதாச்சும் நடக்கட்டும்" என்றாள். அதோடு முடிந்தது.

தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு டப்பா கிடைத்தது. இளஞ்சிவப்புச் சாயமும் வாசனையும் போட்டது. அது தொட்டிக்கு ஆகாது. எதுவும் கலக்காத, சாப்பாட்டுத் தரச் சுண்ணாம்பு மாவை மகன் வரவழைத்தான். பத்து லிட்டர் வாளி, மூடி போட்டது. நாலு கை மாவு போட்டு, வடிகட்டி இயந்திரத் தண்ணியை ஊற்றி, ஒரு தடவை கலக்கி மூடிவிட்டால் ராத்திரிக்குள் தெளிந்துவிடும். அடியிலிருந்து ஒரு சாண் மேலே சின்னக் குழாய். அதில் சொட்டு விடுகிற திருகு. ராத்திரிதான் விட வேண்டும். விளக்கு அணைந்த பிறகு தண்ணியின் பி.எச். இறங்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கி நிறுத்தும். தெளிவின் பி.எச். பன்னிரண்டுக்கு மேல், தொட்டியில் இருக்க வேண்டியது 8.1-லிருந்து 8.4. அதனால்தான் சொட்டுச் சொட்டாக. மூடி எதற்கு என்றால், காற்றுப் பட்டால் மேலே ஆடை கட்டும். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பைத் திரும்பக் கல்லாக்குகிறது. வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் அதனால்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு திட்டு வாங்கினேன். வாளிக்குத் தண்ணி பிடிக்க, சமையலறையில் இருந்த செப்புக் குடத்தை எடுத்துவிட்டேன். மருமகள் குடிக்கிற தண்ணியை அதில்தான் ஊற்றி வைப்பாள்.

"அப்பா! அது செம்பு! கீழ வைங்க!"

அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. செம்பு துளி இருந்தாலும் நத்தையும் இறாலும் பவளமும் தாங்காதாம். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. நெல் வயலில் நத்தையைக் கொல்லத் துத்தம் போடுகிறவன் நான். எனக்குத் தெரியாததா? தெரிந்ததுதான், குடத்தைப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை.

மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. காரத்தன்மை 8-க்குப் பக்கத்தில் நின்றது. கால்சியம் 420. மூளைப் பவளத்தின் ஓரத்தில் சதை திரும்ப ஏறுவதை நான்தான் முதலில் பார்த்தேன். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பிரசவ வலி ஒரு வியாழக்கிழமை ராத்திரி எடுத்தது. மகனும் என் வீட்டுக்காரியும் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். நானும் தொட்டியும். போகிற அவசரத்தில் மகன், "அப்பா, வாளி நேத்துதான் ரொப்பினேன், திருகை மட்டும் திறந்து விட்டுடுங்க" என்றான். பத்து மணிக்குத் திறக்கப் போனேன். திறக்கும் முன்னால் மூடியை எடுத்து, மரக்கரண்டியை விட்டு நன்றாக ஒரு கலக்குக் கலக்கினேன்.

ஏன் கலக்கினேன்? கை அப்படிப் பழகியது. போர்டோக் கலவையைக் கலக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் செடிக்கு வெறும் தண்ணி, கடைசிச் செடிக்கு விஷம். நாற்பது வருஷம் கொடிக்காலில், ஊற்றுகிற ஒவ்வொரு குடத்துக்கும் கலக்கிய கை. மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது, கை அதன் வேலையைச் செய்தது.

பால் மாதிரி ஆன சுண்ணாம்பு திருகில் போய் அடைத்துக்கொண்டது. சொட்டவில்லை. நான் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தேன். அப்பவும் இல்லை. முழுசாகத் திறந்துவிட்டு, போன் அடித்ததால் எழுந்து போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்காரி. இன்னும் நேரமாகும் என்றாள். பேசிவிட்டு வந்து பார்த்தால் அடைப்பு விட்டுக்கொண்டு குழாய் கொட்டிக்கொண்டிருக்கிறது. மூணு லிட்டருக்குக் குறையாமல் இறங்கிவிட்டது. தொட்டி கஞ்சித் தண்ணி. மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மீட்டரில் 9.1.

மகனுக்குப் போன் போடலாமா என்று கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். பிரசவ அறை வாசலில் நிற்கிறவனிடம் மீன் தொட்டியைப் பற்றிப் பேசுவதா? திருகை மூடினேன். வாராவாரம் மாற்ற உப்புத் தண்ணி நாற்பது லிட்டர் டிரம்மில் கரைத்து வைத்திருந்தான். தொட்டியிலிருந்து நாற்பது லிட்டர் மொண்டு கொட்டிவிட்டு அதை ஊற்றினேன். அடுத்து என்ன? சுண்ணாம்பை அடக்குவது காற்றுதான் என்று சற்று முன்னே சொன்னேனே, அந்த யோசனைதான் வந்தது. அலமாரியில் இரண்டு காற்று மோட்டார் கிடந்தது. இரண்டையும் போட்டு, கல் இரண்டையும் உள்ளே இறக்கி, குமிழி பொங்கப் பொங்க விட்டேன். வடிகட்டிப் பஞ்சு சுண்ணாம்பு அடைத்து வெள்ளையாகிவிட, அரை மணிக்கொரு தரம் எடுத்துக் கழுவிக் கழுவிப் போட்டேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு 8.9. அந்த நேரத்தில் என்னென்னவோ ஞாபகம் வந்தது. மகன் முன்பு ஒரு நாள் சொன்ன சேதி ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை வெட்டி, படகில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காக. 1986-ல் 21 தீவையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் அது நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவு தண்ணிக்குள் போய்விட்டது. அலையைத் தடுக்கப் பாறை இல்லை என்றால் மணல் நிற்காது. நாம் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியிருக்கிறோம். நான் இங்கே பதினோராவது மாடியில் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறேன் என்று நினைத்து, அதையும் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வரவில்லை.

நாலரை மணிக்குப் போன். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மீட்டரில் 8.6. ரெண்டு மீனும் தெரிந்தது. நான் தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகன் பத்து மணி வாக்கில் குளிக்க வந்தான். கதவைத் திறந்து உள்ளே வந்தவன் தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தண்ணி ஏறக்குறையத் தெளிந்திருந்தது. ஆனால் பாறை, மணல், மோட்டார் எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு. நத்தை மூன்று செத்துக் கிடந்தது. கிளைகிளையாக இருக்கிற பவளத்தின் நுனி மூன்று விரல் அகலத்துக்குச் சதை உரிந்து வெளுத்துவிட்டது. மூளைப் பவளம் சுருங்கி மூடிக்கொண்டிருந்தது. இறாலைக் காணவில்லை.

வாளியைத் திறந்து பார்த்தான். கரண்டியில் காய்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தான்.

"கலக்கினீங்களாப்பா?"

"ஆமாம்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில், "கலக்கலேன்னு எனக்கு ஒரு தடவை அறை விழுந்துது, ஞாபகம் இருக்கா?" என்றான்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவன் சொன்னான். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. கொடிக்காலில் அவன்தான் மருந்துப் பானை பக்கம் நின்று கலக்க வேண்டும். ஏதோ பறவையை வேடிக்கை பார்த்துக்கொண்டு விட்டுவிட்டான். நான் குடத்தை மொண்டு பார்த்து, தெளிந்த தண்ணியாக இருக்கவும், ஆட்கள் எல்லாரும் பார்க்க அறைந்தேனாம். காதில் இரண்டு நாள் சத்தம் கேட்டதாம். அன்றைக்குத்தான் இந்தக் கொடிக்கால் வேலை நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், சட்டையைக் கழற்றிக்கொண்டே. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

இருபத்திரண்டு வருஷமாக நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. பையன் படிப்பில் கெட்டி, அதனால் வெளிநாடு போனான். நிலத்தில் வருமானம் இல்லை, காவிரியில் தண்ணி இல்லை, அதனால் போனான். அதெல்லாம் பொய்யும் இல்லை. ஆனால் ஒரு பானையும் ஒரு அறையும் இதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் குளித்துவிட்டு வந்தபோது, "அன்னிக்கு நான் அடிச்சது தப்புதான்யா" என்றேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாப்பிடலாம் வாங்கப்பா, பாப்பாவைப் பாக்கப் போகணும்" என்றான். இட்லி நானே வார்த்து வைத்திருந்தேன். நாலு சாப்பிட்டான்.

அந்தத் தொட்டி பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. வெளுத்த நுனியை அவன் வெட்டி எறிந்தான். அடிப்பக்கம் நின்றது. மூளைப் பவளம் ஐந்தாம் நாள்தான் விரிந்தது. இறால் பாறைக்கு அடியிலிருந்து ஒரு வாரம் கழித்து வெளியே வந்தது, எங்களுக்கெல்லாம் பயத்தைக் கொடுத்துவிட்டு. ஒரு வாரம் சுண்ணாம்பு ஒரு துளிகூட விடவில்லை. காரத்தன்மை தானாக இறங்கி 8-க்கு வந்த பிறகுதான் மறுபடி.

மறுபடி என்னத்தை விட்டான் என்பதுதான் கேள்வி. சுண்ணாம்பையே அடியோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். இல்லை. வாளிக்கும் தொட்டிக்கும் நடுவில் சின்ன மோட்டார் வைத்து, மணிக்கு நூறு மில்லிக்கு மேல் எந்தக் காரணத்தாலும் போகாதபடி செய்தான். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 800 மில்லி தெளிவு. மிச்சக் குடியை இரட்டைக் கரைசல் ஈடு கட்டுகிறது. சுண்ணாம்பு ராத்திரி பி.எச். விழாமல் பார்த்துக்கொள்கிறது, கரைசல் வளர்ச்சிக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க உதவுகிறது. நான் சொன்னதும் இருக்கிறது, அவன் சொன்னதும் இருக்கிறது. எனக்காக அப்படிச் செய்தானா, கணக்குப்படிதான் செய்தானா என்று கேட்கவில்லை. என்னைக் கேட்டால், சின்னத் தொட்டி, பவளம் குறைவு என்றால் சுண்ணாம்புத் தெளிவு மட்டுமே தாராளமாகப் போதும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் திருகை நம்பக் கூடாது, என்னை மாதிரி ஆளையும் நம்பக் கூடாது. குழாய் முழுசாகத் திறந்தாலும் தொட்டி சாகாத அளவு மட்டும்தான் வாளியில் இருக்கணும். ஆரம்பத்திலேயே இரண்டு லிட்டர் வாளி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மே கடைசியில் ஊருக்கு வந்தேன். வந்த கையோடு வீட்டுக்கு வெள்ளையடித்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது. தேடி வாங்கி, பானையில் நீற்றி, மேலே ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேலைக்கு வந்த பையன் சட்டியைக் கலக்காமல் மட்டையை முக்கினான். கலக்குப்பா என்று மட்டும் சொன்னேன்.

மகன் இப்போது தினம் காலையில் வாட்சப்பில் ஒரு எண் அனுப்புகிறான். 425. 430. வேறு ஒன்றும் எழுதுவதில்லை. நான் பதிலுக்கு மேட்டூர் நீர்மட்டத்தை அனுப்புகிறேன். ஒரு நாள் நான் அனுப்ப மறந்துவிட்டேன். மத்தியானம் போன் வந்தது. "என்னப்பா, டேம் என்ன ஆச்சு?" என்றான்.